தாமிரபரணியில் உள்ள 'பரணி' எது?

கேள்வி: தாமிரபரணி என்ற பெயரில் பரணி நட்சத்திரம் இருக்கிறதா? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: இல்லை. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் வரும் மயக்கம் இது. நட்சத்திரத்தின் பெயர் வடமொழியில் அதிர்ந்து ஒலிக்கும் பகரத்தில் தொடங்குவது. ஆற்றின் பெயரில் உள்ளதோ இலை என்று பொருள்படும் 'பர்ணம்'. செம்பையும் செந்நிறத்தையும் குறிக்கும் 'தாம்ரம்' அதனோடு சேர்ந்து, பெண்பால் ஈகார விகுதியும் பெற்று 'தாம்ரபர்ணீ' ஆயிற்று. செந்நிற இலைகளை உடையவள் என விரியும் இத்தொகையை வடநூலார் பஹுவ்ரீஹி என்பர். நம் இலக்கணத்தில் அன்மொழித்தொகை. வேற்றுமை ஏற்பதில் இது 'நதீ' என்ற சொல்லையே ஒத்தது: ஆறாம் வேற்றுமையில் 'நத்யா:' என்பதுபோல 'தாம்ரபர்ண்யா:' என வரும்.

வடமொழி ஈற்று ஈகாரம் தமிழில் இகரமாகும் என்பது நன்னூல் விதி. குமாரீ, குமாரி ஆனதும் அவ்வாறே. மெய்ம்மயக்கம் நம் நாவுக்கு இசையாதபோது இடையில் இகரமும் அகரமும் புகுந்து 'தாமிர', 'பரணி' என்றாயின. தண்ணீரில் செம்பு கலந்திருப்பதால் வந்த பெயர் என்று படித்துறைகளில் சொல்லப்படும் விளக்கம் சுவையானதுதான். ஆனால் அது பர்ணத்தை அடியோடு விட்டுவிடுகிறது. அசோகர் கல்வெட்டுகளில் வரும் 'தம்பபம்ணி'யும் இச்சொல்லின் பிராகிருத வடிவமே. அங்கே அது இலங்கையைக் குறிப்பதாகவே பெரும்பாலோர் கொள்வர். பொருநை என்னும் பழந்தமிழ்ப் பெயரோ தனி வழி வந்தது.