ஆப்பசோடா குடித்தால் கட்டியின் அமிலம் குறையுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ ஏறிக்கொண்டிருக்கிறது. "கட்டி அமிலமாக இருப்பதால்தான் மருந்து கேட்பதில்லை, உடம்பைக் காரமாக்குங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து, தினமும் வெறும் வயிற்றில் ஆப்பசோடா தண்ணீர் குடிக்கிறார். தொடரலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம். இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். ஆனால் அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தச் செய்தியில் பாதி உண்மைதான்.

அமிலமா காரமா என்று காட்டும் அளவு பிஎச்; அது குறையக் குறைய அமிலம் கூடும். ரத்தத்தின் பிஎச் 7.35 முதல் 7.45 வரை இருக்கும். கட்டிக்குள், செல்களைச் சுற்றியுள்ள திரவத்தில் அது 6.5 வரைகூட இறங்கலாம். புற்றுசெல்கள் ஆக்சிஜன் இருக்கும்போதே சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கும். ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே இதைக் கண்டார். அந்த அமிலத்தைச் செல் வெளியே தள்ளிவிடுவதால் வெளியே அமிலம், உள்ளே லேசான காரம்.

அம்மாவுக்கு ஏற்றுவது சிவப்பு நிற மருந்து என்றால், அநேகமாக அது டாக்ஸோரூபிசின். அது காரத்தன்மை உள்ள மருந்து. அமிலத்தில் ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு மின்னூட்டம் பெறும். அப்புறம் செல்லின் கொழுப்புச் சவ்வைக் கடக்கத் திணறும். உள்ளே போனதிலும் கொஞ்சம் லைசோசோம் என்ற அமிலப் பைகளில் சிக்கி, டிஎன்ஏவை எட்டாமலே நின்றுவிடும். எல்லா மருந்துக்கும் இப்படி இல்லை. குளோராம்புசில் போன்ற அமில மருந்துகளுக்கு இதே சூழல் சாதகம்.

சரி, அப்படியானால் சோடா ஏன் கூடாது? எலிகளுக்கு இதே சோடாவைத் தண்ணீரில் கொடுத்தபோது கட்டியின் அமிலமும் நோய் பரவலும் குறைந்தது உண்மை. மனிதர்களில் அந்தப் பலன் நிரூபணமாகவில்லை. நாம் குடிக்கும் காரத்தை நுரையீரலும் சிறுநீரகமும் சேர்ந்து சரிக்கட்டிவிடும். மாறுவது பெரும்பாலும் சிறுநீரின் பிஎச்தான். அளவு மீறினால் சோடியம் ஏறி ரத்த அழுத்தமும் கால் வீக்கமும் வரும், பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறும். டாக்ஸோரூபிசினே இதயத்தைப் பலவீனமாக்கக்கூடியது, அதற்காகத்தான் எக்கோ எடுக்கிறார்கள். அந்த இதயத்துக்கு இன்னொரு சுமை எதற்கு?

வார்டில் சிலருக்கு டிரிப்பில் பைகார்பனேட் (ஆப்பசோடாவில் இருப்பதும் இதுதான்) ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதிக அளவில் ஏற்றும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து சிறுநீரகத்தில் படியாமல் இருக்கக் கொடுப்பது அது. கட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்த கீமோவுக்கு முன்பே, அம்மா எத்தனை நாளாக எவ்வளவு சோடா குடித்தார் என்பதைப் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லி, சோடியம், பொட்டாசியம் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். நெஞ்சு படபடப்போ கால் வீக்கமோ இருந்தால் அதுவரை காத்திருக்காமல் உடனே அழைத்துப் போங்கள்.