வாசகர் கேள்வி: பழைய கதவுக்கு ஏற்ற பித்தளைப் பூட்டு

கேள்வி: தோட்டத்தை விட்டு வந்தபின் தாத்தா கட்டிய பலகை வீட்டைப் புதுப்பிக்கிறோம். வாசலில் உள்ள செங்கால் மர இரட்டைக் கதவை மாற்ற மனமில்லை. அதற்காக ஈப்போவில் பழைய சாமான் கடையொன்றில் பித்தளைப் பூட்டும் கைப்பிடியும் பார்த்து வைத்திருக்கிறோம். அவை அசல்தானா என்று எப்படி அறிவது? வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, முதலில் உங்கள் கதவையே பாருங்கள். பல அடுக்குச் சாயத்துக்கு அடியில் இருக்கும் கீலும் தாழ்ப்பாளும் பித்தளையாகவே இருக்கலாம். பழைய சாயத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் அதை உலர்ந்த நிலையில் உரசித் தூளாக்காமல், அவற்றைக் கழற்றி, சமையலுக்குப் பயன்படாத பாத்திரத்தில் வெந்நீரில் ஊறவைத்து உரித்தெடுங்கள். குழந்தைகள் அருகில் இருக்க வேண்டாம்.

கடைக்குப் போகும்போது ஒரு சிறு காந்தம் கொண்டு செல்லுங்கள். ஒட்டினால் அது இரும்பின்மீது பூசிய முலாம். ஒட்டவில்லை என்பதற்காக மட்டும் பித்தளை என்று நம்பிவிட முடியாது. துத்தநாக வார்ப்பிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு பின்புறத்தில் சற்றே கீறிப் பார்த்தால், உள்ளே மஞ்சளா சாம்பலா என்பது தெரிந்துவிடும். பழமையைக் கண்டறியத் தேய்மானமே நல்ல சாட்சி: கைபடும் இடம் வழவழப்பாகவும் மூலைகள் கறுத்தும் இருக்க வேண்டும். எங்கும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் அது மருந்திட்டு உண்டாக்கிய பழமையாக இருக்கக்கூடும்.

அசலா என்பதைவிடப் பொருந்துமா என்பதே, என் கருத்தில், பெரிய கேள்வி. கதவின் தடிமனையும், விளிம்பிலிருந்து சாவித் துளையின் நடுப்பகுதி வரையுள்ள தூரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மெல்லிய சட்டத்தைக் குடைந்து பூட்டைப் பதித்தால் மரம் வலுவிழக்கும் என்பதால், அத்தகைய கதவுக்கு உட்புறப் பரப்பின்மேல் திருகி வைக்கும் பெட்டிப் பூட்டே ஏற்றது. இரட்டைக் கதவில் மூடியே இருக்கும் மற்றக் கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் இல்லாமல் எந்தப் பூட்டும் பயன் தராது. சாவி இல்லாத பூட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

பழைய பூட்டுகளில் பல எளிதில் திறக்கக்கூடியவை. பாதுகாப்புக்குப் புதிய பூட்டு ஒன்றும் தேவை. செங்கால் மிகக் கடினமான மரம், பித்தளைத் திருகாணியோ மென்மையானது. முன்துளையிட்டு, அதே அளவுள்ள எஃகுத் திருகாணியை ஒருமுறை ஏற்றிக் கழற்றியபின், மெழுகு தடவிய பித்தளைத் திருகாணியை முறுக்கச் சொல்லுங்கள். இல்லையெனில் அதன் தலை முறிந்து உடல் மரத்துக்குள்ளேயே தங்கிவிடும்.