காட்டுப் பாதை, மதகு, யானை வேலி: வனப் பொறியியல் முகாமையாளரிடம் கேளுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை அரச காடுகளில் வேலை செய்பவர்களும் அந்தத் துறைக்கு வர நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள்.

கரடியனாறு, தொழில்நுட்ப உத்தியோகத்தர்: சேர், காட்டுப் பாதையில் 600 மி.மீ. ஹியூம் குழாய் (கொங்கிறீற் குழாய்) போட்ட மதகு ஒவ்வொரு மாரிக்கும் உடைச்சுக்கொண்டு போகுது. குழாயைப் பெருசாக்கினால் போதுமா?

முதலில் நீரேந்து பரப்பைக் கணக்கிடுங்க. ஓடுநீர்க் குணகம் (பெய்யும் மழையில் ஓடிவரும் பங்கு) × மழைச் செறிவு (மி.மீ./மணி) × பரப்பு (ஹெக்டேர்) ÷ 360. பரப்பு 20 ஹெக்டேர், குணகம் 0.3, மழை மணிக்கு 100 மி.மீ. என்றால் செக்கனுக்கு 1.67 கனமீற்றர் வரும். 600 குழாய் ஏறக்குறைய அரைக் கனமீற்றர்தான் இழுக்கும். 900 குழாய் என்றாலும் இரண்டு வேணும்.

ஆனால் காட்டில் தண்ணீரைவிடத் தொல்லை, அது அள்ளிவரும் கொப்பும் சருகும். வாய் அடைபட்டால் வெள்ளம் பாதைக்கு மேலால் பாயும், கீழ்ப்பக்கச் சரிவு அரிக்கும், குழாய் தொங்கும். ஒரு நாளைக்கு நாலைந்து வாகனம் போகும் பாதைக்கு நான் தாம்போதியைத்தான், அதாவது வெள்ளம் மேலால் பாய விடும் தாழ்ந்த கொங்கிறீற் கடவையைத்தான் சொல்வேன். கொங்கிறீற் தளத்தில் தண்ணீர் வரும் பக்கம், போகும் பக்கம் என இரு விளிம்பிலும் மண்ணுக்குள் இறங்கும் தடுப்புச் சுவர், கீழ்ப்பக்கம் கருங்கல் அடுக்கு. தடுப்புச் சுவரில் காசு மிச்சம் பிடித்தால் அடுத்த மாரியில் தளமே போய்விடும். குழாய்தான் என்றால், இரு பக்கமும் 150 மி.மீ. படைபடையாகச் சமமாக இறுக்கிக்கொண்டு வாங்க. மர லொறி ஓடுமென்றால் குழாய்க்கு மேல் மண் 600 மி.மீ. இருக்கட்டும்.

பொத்துவில்: எங்கட வேலையெல்லாம் நவம்பரில்தான் தொடங்குது. யாரில் பிழை?

நாட்காட்டியில். நிதியாண்டு ஜனவரியில் பிறக்கிறது, வடகீழ்ப் பருவமழை நவம்பரில் இறங்குகிறது. காசு வந்த பிறகு மதிப்பீடு எழுதத் தொடங்கினால் கொந்தராத்துக் கையெழுத்தும் மழையும் ஒன்றாகத்தான் வரும். முகாமையாளரின் தலைமை என்று நான் எண்ணுவது முதலில் இந்த நாட்காட்டியை முந்துவதைத்தான்.

முந்தின மாரியிலேயே வெள்ளம் நிற்கும்போது நடந்து, நீர்மட்டத்தை மரங்களில் குறித்துவிடுங்க. ஜனவரிக்குள் வரைபடமும் அளவுப் பட்டியலும் கையில் இருக்கணும். ஏப்ரலில் கொந்தராத்து, மே முதல் ஓகஸ்ட் வரை மண் வேலை, செப்டெம்பரில் கான் துப்புரவு. கோடையில் கிறவல் காய்ந்து கிடக்கும், தண்ணீர் தெளிக்காமல் உருட்டினால் இறுகாது. பவுசர் (தண்ணீர் வண்டி) செலவு அளவுப் பட்டியலில் இல்லாவிட்டால் கொந்தராத்துக்காரர் தெளிக்கவே மாட்டார். 200 மி.மீ. தளர்வாகப் பரப்பினால் 150 மி.மீ. அளவுக்கு இறுகும். ஒவ்வொரு படையையும் மூடுமுன் அளந்து கையெழுத்து வாங்குங்க.

கோடையில் யானை குளத்தடிக்கு இறங்கும், ஆகவே பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) பின்னேரம் 4 மணிக்கு நிற்க வேணும்.

மகாஓயா: வட்டார வன அதிகாரி எங்கள் பாதை போகும் வழியை ஏற்க மறுக்கிறார். மேலிடத்துக்கு எழுதவா?

எழுதாதீங்க, நடங்க. அவரையும் பீற் உத்தியோகத்தரையும் (அந்தக் காட்டுப் பகுதிக்குப் பொறுப்பானவர்) கூட்டிக்கொண்டு 20 மீற்றருக்கு ஒரு முளை அடித்து, வெட்டவேண்டிய மரத்துக்கு மட்டும் நிறம் பூசுங்க. ஒத்துக்கொண்டதை அங்கேயே ஒரு பக்கத்தில் எழுதி மூவரும் ஒப்பமிடுங்க. பாதி எதிர்ப்பு, தெரியாத அகலத்துக்கான பயம்தான். மீதிப் பாதி நியாயமானது: 5 மீற்றர் அகலத்தில் 2 கிலோமீற்றர் புதிதாக வெட்டினாலே ஒரு ஹெக்டேர். அதற்கு மேல் காட்டை வேறு பாவனைக்கு மாற்றினால் சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவை என்று 1993 வர்த்தமானி சொல்கிறது. பழைய பாதையைத் திருத்துவது பெரும்பாலும் மலிவு.

ஒலுவில், பொறியியல் மாணவி: இந்தத் துறைக்கு என்ன தயாரிப்பு வேணும், சேர்?

பட்டத்துக்குப் பிறகு 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி பொறியியல் பேரவையில் பதிவு. பிறகு பொறியியலாளர் நிறுவனத்தின் பட்டய உறுப்புரிமை. அதற்கு வேலைப் பதிவேட்டை முதல் நாளிலிருந்தே எழுதுங்க, மகள், பிறகு நினைவில் இருந்து எழுதினால் தெரிந்துவிடும். நீரியல், மண் இறுக்கம், கொள்வனவு விதிகள், இந்த மூன்றும் அலுவலகத்தில் தினமும் வரும். சிங்களம் வாசிக்கப் பழகுங்க. பத்தரமுல்லைத் தலைமையகத்திலிருந்து வரும் கோப்பில் பாதி அதில்தான் இருக்கும்.

வெல்லாவெளி: யானை வேலிக் கடைசியில் வோல்ட் இறங்குது. எனர்ஜைசரை (வேலிக்கு மின்துடிப்புக் கொடுக்கும் பெட்டி) மாற்றவா?

முதலில் நிலத்தொடுப்பை (எர்த்) பாருங்க. எனர்ஜைசரிலிருந்து 100 மீற்றருக்கு அப்பால் இரும்புக் கம்பியால் வேலியை நிலத்தோடு இணைத்து, வேலி வோல்ட்டை 2 கிலோவோல்ட்டுக்குக் கீழ் கொண்டுவாங்க. அந்த நேரம் நிலக்கம்பியில் 0.3 கிலோவோல்ட்டுக்கு மேல் காட்டினால் கம்பி போதாது, 2 மீற்றர் நாகம் (துத்தநாகம்) பூசிய நிலக்கம்பிகளைக் கூட்டுங்க. கோடையில் மண் காய்வதால்தான் இது மோசமாகும். அது சரியென்றால் கீழ்க்கம்பியைத் தொடும் பற்றையை வெட்டுங்க. எனர்ஜைசரைத் தொடுவது கடைசியில்.