கனூவைக் கயிற்றால் இறக்குவது: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (டொரண்டோவிலிருந்து ஒரு வாசகி): இந்தக் கோடையில் குடும்பத்தோடு கனடாவின் பிரெஞ்சு ஆற்றில் கனூப் பயணம் (கனூ என்பது துடுப்பால் செலுத்தும் இலேசான நீள்படகு) போக இருக்கிறோம். நீர் வேகமாகப் பாயும் இடங்களில் படகைத் தலையில் தூக்கிச் சுமக்காமல், கரையில் நின்றபடியே கயிற்றால் பிடித்து இறக்கிவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இது பாதுகாப்பானதுதானா? எப்படிச் செய்ய வேண்டும்?

பதில்: இடமறிந்து செய்தால் பாதுகாப்பானதுதான். நிபிசிங் ஏரியிலிருந்து ஜார்ஜியன் விரிகுடா வரை ஏறத்தாழ 110 கிலோமீட்டர் ஓடும் அந்த ஆற்றில், ரெக்கோலே அருவி போன்ற இடத்தில் கயிற்றுக்கு வேலையே இல்லை. அங்கே சுமந்துதான் கடக்க வேண்டும். ஆழமில்லாத நீர் பாறைகளுக்கிடையே துள்ளிப் பாய, பக்கத்திலேயே நடந்து செல்லத் தோதான கரையும் அமைந்திருக்கும் இடங்களில்தான் கயிறு உதவும். கரை செங்குத்தாக இருந்தாலும், மரம் சாய்ந்து நீருக்குள் கிளை பரப்பியிருந்தாலும் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். விழுந்த மரம் சல்லடையைப் போன்றது. நீரை மட்டும் போகவிட்டு, படகையும் ஆளையும் பிடித்து அழுத்திக்கொள்ளும்.

பட்டம் விட்டுப் பழகியவர்களுக்கு இதன் சூட்சுமம் எளிதில் பிடிபடும். படகின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு கயிறு கட்டி, இரண்டையும் கரையிலிருந்து பிடித்துக்கொள்கிறோம். நீர் வரும் திசையை நோக்கியிருக்கும் முனையை மேல்முனை என்று வைத்துக்கொள்வோம். மேல்முனைக் கயிற்றைச் சற்றே தளர்த்தினால் அந்த முனை ஆற்றின் நடுப்பக்கம் திரும்பும். உடனே நீரோட்டம் படகின் பக்கவாட்டில் பட்டு, காற்று பட்டத்தை மேலே தள்ளுவதைப் போல, அதைக் கரையிலிருந்து விலக்கிக் கொண்டுபோகும். அதே கயிற்றை இழுத்துக் குறுக்கினால் முனை கரைப்பக்கம் திரும்பி, படகும் கரைக்கு வந்துவிடும். எதிரே ஒரு பாறை நின்றால் படகை வெளியே விட்டு, பாறையைத் தாண்டியதும் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். ஆனால் இவை யாவும் படகு நீரைவிட மெதுவாக நகரும் வரைதான் நடக்கும். கயிறு தொய்ந்து, படகு நீரின் வேகத்துக்கே ஓடத் தொடங்கிவிட்டால், பிறகு அது நம் சொல் கேளாது.

கோணம் எப்போதும் சிறியதாகவே இருக்கட்டும். மேல்முனை அளவுக்கு மீறி வெளியே போய்விட்டால், படகு ஆற்றுக்குக் குறுக்கே திரும்பி நீரின் முழு விசையையும் தாங்க நேரிடும். அந்த விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வது. அதாவது நீரின் வேகம் இரண்டு மடங்கானால், தள்ளும் விசை நான்கு மடங்காகும். அப்போது கயிறு படகின் மேல்விளிம்பில் கட்டப்பட்டிருந்தால், கயிறு மேல்விளிம்பை நீர் வரும் பக்கம் இழுக்க, நீர் படகின் அடிப்பகுதியை எதிர்ப்பக்கம் தள்ள, நீர் வரும் பக்கத்து விளிம்பு தாழ்ந்து, கண் இமைப்பதற்குள் படகு நிரம்பிவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் மேல்முனையில் கடிவாளம் போல ஒரு கட்டுப் போடுகிறார்கள்: ஒரு சிறு கயிற்றைப் படகின் அடியில் சுற்றிக் கொடுத்து, அதன் இரண்டு நுனிகளையும் படகினுள்ளே இருக்கைச் சட்டத்தில் கட்டி, அடிவயிற்றின் நடுவே வரும் முடிச்சில் நீண்ட கயிற்றைப் பிணைக்கிறார்கள். இழுப்பு அடியிலிருந்து வருவதால் நீர் வரும் பக்கத்து விளிம்பு தாழாமல் உயர்கிறது. இந்த ஒரு கட்டைப் போடச் சோம்பல்பட்டுப் படகை இழந்தவர்கள் பலர். ஆகவே புறப்படுவதற்கு முன் வீட்டு முற்றத்திலேயே இதைக் கட்டிப் பழகிவிடுங்கள் என்று உங்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். சுமையையும் மேல்முனையில் ஏற்றாதீர்கள். அந்த முனை இலேசாக இருந்தால்தான் நீரோட்டம் அதைப் பற்றித் திருப்பாது.

கயிற்றைத் தொடுவதற்கு முன், இறக்க வேண்டிய தூரம் முழுவதையும் கரையோரமாக நடந்து பார்த்துவிடுங்கள். பாறைகளின் மறைவில் நீர் அமைதியாக நிற்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, ஓர் அமைதியான இடத்திலிருந்து அடுத்ததற்கு எனப் படகைத் தவணை தவணையாக இறக்குங்கள். நீரின் இரைச்சலில் குரல் கேட்காது என்பதால், "நில்", "விடு", "இழு" ஆகிய மூன்றுக்கும் கைச்சைகைகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உயிர்காப்பு அங்கியைக் கரையிலும் கழற்றக் கூடாது. பிள்ளைகளிடம் கயிற்றைக் கொடுக்கவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கயிற்றை உள்ளங்கையிலோ மணிக்கட்டிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். காலடியில் கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் கால் வைக்காதீர்கள். முதன்முறை நான் பிடி வழுக்குகிறதே என்று கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். படகு சட்டென்று இழுத்தபோது பாறையில் விழுந்து சில அடி தூரம் இழுபட்டேன். அன்று சுற்று தானாகக் கழன்றுகொண்டதால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (அதே வாசகி): வீட்டில் துணி காயப்போட வைத்திருக்கும் நைலான் கயிறு போதுமா?

பதில்: போதாது. நைலான் நீரில் மூழ்கிப் பாறையிடுக்கில் சிக்கும். இழுத்தால் நீளவும் செய்யும். மிதக்கும் தன்மையுள்ள பாலிப்ரொப்பிலீன் கயிற்றை, 8 முதல் 10 மில்லிமீட்டர் தடிமனில், கண்ணில் படும் நிறத்தில், ஒவ்வொன்றும் 15 மீட்டர் அளவில் வாங்குங்கள். இதைவிட மெல்லியது கையை அறுக்கும். கையில் பிடிக்கும் நுனியில் முடிச்சுப் போடாதீர்கள். கைவிட்ட கயிறு தடையின்றி நழுவிப் போக வேண்டும், முடிச்சிருந்தால் பாறை அதைப் பிடித்துக்கொள்ளும். துடுப்புப் போடும் நேரத்தில் கயிறுகளைச் சுருட்டி இறுகச் செருகி வையுங்கள்; படகு கவிழ்ந்தால் அவிழ்ந்து கிடக்கும் கயிறு காலைச் சுற்றும்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு வாசகர்): இந்த முறை எப்போது தோன்றியது? பழைய பயணிகளும் இப்படிச் செய்தார்களா?

பதில்: கனடாவின் பூர்வகுடி மக்கள் பூர்ச்ச மரப்பட்டையால் செய்த கனூக்களையே பிற்காலத்தில் மென்மயிர்த்தோல் வணிகர்களும் பயன்படுத்தினார்கள். பட்டை கல்லில் உரசினாலே கிழிந்துவிடும் என்பதால், அவற்றைத் தரையில் இழுக்க வழியில்லை. சுமையை இறக்கித் தோளில் சுமந்துகொண்டு, வெற்றுப் படகை மட்டும் கயிற்றால் கடத்தும் இடத்துக்குப் பிரெஞ்சு மொழி பேசிய அந்தப் படகோட்டிகள் "டெஷார்ஜ்" என்று தனிப்பெயரே வைத்திருந்தார்கள். நீரோட்டத்துக்கு எதிராக மேலே இழுத்துச் செல்வதற்கும் கயிறுதான்.

அப்படி இழுத்ததில் உயிர் தப்பிய கதை ஒன்று, மென்மயிர்த்தோல் வணிகரும் நாடாய்வாளருமான அலெக்சாண்டர் மெக்கன்சியின் பயணத்தில் இருக்கிறது. அவர் 1793 மே மாதம், ஒன்பது பேரோடு ஒரே கனூவில் மேற்குக் கனடாவின் பீஸ் ஆற்றின் மலையிடுக்கில் ஏறிக்கொண்டிருந்தார். சிலர் படகினுள் இருக்க, மற்றவர்கள் கரைப்பாறைகளில் தொற்றிக் கயிற்றை இழுத்தபோது, முன்முனையில் மோதிய ஓர் அலையால் கயிறு அறுந்தது. படகு நொறுங்கி, அதிலிருந்தவர்கள் மாண்டுவிடுவார்கள் என்றே கரையிலிருந்தவர்கள் திகைத்து நிற்க, அடுத்து வந்த அலை படகைக் கொந்தளிப்பிலிருந்து வெளியே தள்ளிவிட்டது. அதன்பின் ஆற்றை விட்டு, மரங்களை வெட்டி வழி செய்து, படகையும் சுமையையும் மலைமேல் தூக்கிச் சென்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் அவர்கள் பசிபிக் கரையை எட்டினார்கள். அவர் கயிற்றை விட்டுச் சுமக்கத் துணிந்த அந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கேள்வி (அதே வாசகர்): படகு குறுக்கே திரும்பி நிரம்பத் தொடங்கினால் கயிற்றை இழுத்துப் பிடிக்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா?

பதில்: மேல்முனைக் கயிற்றை உடனே விட்டுவிடுங்கள். கீழ்முனைக் கயிறு மட்டும் கையில் இருந்தால், படகு முன்முனை பின்முனை மாறித் திரும்பி, மீண்டும் நீரோட்டத்துக்கு நேராக நின்றுவிட வாய்ப்புண்டு. அதற்குள் நிரம்பிவிட்டால் அந்தக் கயிற்றையும் விட்டுவிடுங்கள். நீர் நிறைந்த கனூ அரை டன்னுக்கும் மேல் கனக்கும். படகைப் பிடிக்க முழங்காலுக்கு மேற்பட்ட பாய்நீரில் இறங்காதீர்கள். பாறையிடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால் நீர் உங்களைக் குப்புறத் தள்ளி எழவிடாது. நீர் வரும் பக்கம் படகும் மறுபக்கம் பாறையுமாக, நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். கரையோரமாக நடந்து போனால், பாய்ச்சல் அடங்கும் மடுவில் பெரும்பாலும் படகு மிதந்துகொண்டிருக்கும்.