ஃபிஷ்ஐ கேமராவில் கல்லாப் பக்கம் மங்கலாகத் தெரிவது

சுழலும் கேமராவுக்குப் பதிலாக, சுற்றிலும் உள்ளதை ஒரே வட்டப் படமாக எடுக்கும் ஃபிஷ்ஐ கேமராவை மாட்டியபின் கல்லாப் பக்கம் மங்கலாகத் தெரிகிறது என்றால், மென்பொருளை மாற்றிப் பயனில்லை. கல்லாப் பக்கத்துக்குப் போதுமான பிக்சல் கிடைக்கவில்லை. சுழலும் கேமரா லென்ஸையே நகர்த்திப் பெரிதாக்கியது. நீங்கள் கூரையில் மாட்டிய 180 பாகை ஃபிஷ்ஐ எதையும் நகர்த்தாது, வட்டப் படத்தில் ஒரு துண்டை வெட்டி நிமிர்த்தித் தருகிறது, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மெகாபிக்சல் சென்சாரில் (4000×3000) வட்டத்தின் விட்டம் அதிகபட்சம் 3000 பிக்சல். பாகைக்கு ஏறக்குறைய 17. கல்லாவை 30 பாகையில் பார்த்தால் 500 பிக்சல்தான். அதை 1920 அகலத் திரையில் இழுத்தால் மங்கத்தான் செய்யும். ஓரத்தில் லென்ஸின் கூர்மையும் குறையும்.

ஆனால் முகமே அடையாளம் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் துணை ஸ்ட்ரீமை (கேமரா கூடவே அனுப்பும் சிறிய, தெளிவு குறைந்த படத்தை) நிமிர்த்திக்கொண்டிருக்கிறீர்கள். திரையைப் பல கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கும்போது நிறைய ரெக்கார்டர்கள் அதைத்தான் எடுக்கும். 640 பிக்சல் வட்டம் என்றால் 30 பாகைக்கு நூற்றுச் சொச்சம்தான்.

1. முதன்மை ஸ்ட்ரீமை (முழுத் தெளிவுள்ள படத்தை) தனியாக முழுத்திரையில் திறந்து, அதே இடத்தை நிமிர்த்திப் பாருங்கள்.
2. தெளிந்தால், நிமிர்த்தும் பார்வைக்கு முதன்மை ஸ்ட்ரீமையே ஒதுக்குங்கள்.

அப்புறமும் ரூபாய் நோட்டின் மதிப்பு தெரியாது. அதற்குக் கல்லாவை நோக்கித் தனிக் கேமரா ஒன்று வேண்டும். ஃபிஷ்ஐயைக் கழற்றாதீர்கள்: முழு வட்டமும் பதிவாவதால், நடந்து முடிந்ததையும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம். சுழலும் கேமராவில் அது முடியாது.