பட்ஸ் நினைவு பேட்ச் இருந்தால் நேவி சீல் வீரரா?

இல்லை. நேவி சீல் என்பது அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படை. பட்ஸ் (BUD/S) என்பது அதில் சேர விரும்புவோருக்குக் கடற்படை கலிபோர்னியாவின் கொரோனாடோவில் நடத்தும் பயிற்சி. அதை முடித்த வகுப்பின் நினைவாகத் தைப்பதுதான் இந்த பேட்ச். பதவிச் சின்னம் அல்ல. அப்புறம் சீல் தகுதிப் பயிற்சியையும் முடித்தால்தான் கழுகு, நங்கூரம், திரிசூலம், பழைய கைத்துப்பாக்கி சேர்ந்த தங்கநிற ட்ரைடென்ட் என்ற சீல் சின்னம் கிடைக்கும்.

சரி, பேட்ச் வெறும் துணிதானா? முடித்தவர்களுக்கு அப்படியில்லை. பட்ஸ் பயிற்சியில் வரும் 'நரக வாரம்' சுமார் ஐந்தரை நாள். மொத்தத் தூக்கமே ஏறக்குறைய நான்கு மணி நேரம். குளிர்ந்த கடல், ஈர மணல், தலைமேல் ரப்பர் படகு. முடியாதவர் மணியை மூன்று முறை அடித்துவிட்டு விலகலாம். பெரும்பாலோர் விலகிவிடுவார்கள். அதனால்தான் பேட்சில் உள்ள வகுப்பு எண்ணுக்கு அத்தனை மதிப்பு.

இதுபோன்ற பேட்ச்கள் கடைகளிலும் கிடைக்கின்றன, ஆகவே சட்டையில் இருப்பதை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம்.