விடுதியில் ஆதார் நகல் கேட்டால் எதைக் கொடுப்பது?

விடுதியில் அறை எடுக்கும்போது ஆதார் நகல் கொடுப்பது ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் உங்கள் பணத்தை எடுத்துவிட முடியாது. ஆனால் ஆதார்வழிப் பணப் பரிவர்த்தனையில் வங்கியின் பெயர், ஆதார் எண், கைரேகை ஆகிய மூன்றும் இருந்தால் ஓடிபி இல்லாமலேயே பணம் எடுக்கலாம் என்பதால், பத்திரங்களில் பதிந்த ரேகையைப் பார்த்துச் செயற்கை ரேகை தயாரித்து மோசடி செய்தவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள்.

ஆகவே, முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்டு, கடைசி 4 மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் பதிவிறக்கும்போதே அதற்கான தெரிவு இருக்கிறது. அந்தக் கோப்பின் கடவுச்சொல், உங்கள் பெயரின் முதல் 4 ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் என்பதால், அதை ஊகிப்பது கடினமன்று. நகல் கடைக் கணினித் திரையில் முன்பின் அறியாதவர்களின் ஆதார் கோப்புகள் பெயரோடு வரிசையாகக் கிடந்ததைப் பார்த்து நான் உண்மையிலேயே பதறியிருக்கிறேன். அச்செடுத்ததும் கோப்பை அழிக்கச் சொல்லி, கணினியின் குப்பைத்தொட்டியிலிருந்தும் அது நீங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே கிளம்புங்கள்.

ஆதாரைத் தனியார் நிறுவனங்கள் பயன்படுத்த இடமளித்த, ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று செல்லாது என்றது. ஆகையால் விடுதியில் ஆதாருக்குப் பதிலாக வாக்காளர் அட்டையையோ ஓட்டுநர் உரிமத்தையோ தாராளமாக நீட்டலாம்.

ஆதார் ஆணையத்தின் செயலியில் கைரேகையைப் பூட்டி வைப்பது இன்னும் வலுவான காப்பு. ரேஷன் கடைக்குப் போகும் நாளில் மட்டும் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம்.